விறகுக்குப் பூஜ்யம்

1997 செப்டம்பர் 9, கிள்ளான்

காலையில் எதிர்வீட்டைக் காணவில்லை. பத்து மணிக்கு மேல் கூரை மட்டும் வந்தது. மாலையில் வீடு முழுவதும் திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே பிரச்சினை இருந்திருக்க வேண்டும்.

சுமத்ராவில் காடு எரிகிறது. புகை கடவுச்சீட்டு இல்லாமல் நீரிணையைக் கடந்து வந்துவிட்டது. தேவையின்றி வெளியே போக வேண்டாம் என்கிறது வானொலி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் தேவையோடு வெளியே போனதில்லை. என்னைப் பற்றி அரசாங்கம் கவலைப்பட வேண்டாம்.

மனைவி விசாலத்தைப் பற்றித்தான். அவள் நுரையீரல் பாதி வேலையை நிறுத்தி மூன்று ஆண்டாகிறது. படுக்கையின் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்தேன். அப்படியும் அறைக்குள் சுருட்டு வாடை. "அடுத்த நாட்டுக் காடு எரிஞ்சா நான் ஏன் இருமணும்?" என்றாள். வெளியுறவு அமைச்சு பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

போன வாரம் டாக்டர் அவளிடம் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். "இனிமேதான் பழகணும்" என்றாள். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 11

இன்று எதிர்வீடு வரவே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கள் மயான சபாவின் கூட்டம். இந்த ஊரில் நான் உறுப்பினராக இருக்கும் ஒரே சங்கம் இது. சந்தா கட்டினால் சேவை நிச்சயம் என்று வேறெந்தச் சங்கமும் உறுதி தருவதில்லை.

தலைவர் வேலாயுதத்துக்குப் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரிகள் ஓடுகின்றன. பேச்சும் லோரி மாதிரி, நிறுத்துவது சிரமம். ஷா ஆலத்தில் ஓர் அரசு அலுவலகம், புகைமூட்டத்தை முன்னிட்டு, சுத்தமாக எரிக்கும் தகன அடுப்புகளுக்கு மானியம் தருகிறதாம். எந்த எரிபொருள் எவ்வளவு புகை, எவ்வளவு வாயு என்று ஒப்பிட்டு ஓர் அறிக்கை வேண்டும்.

"நமக்குத்தான் கெமிஸ்ட் சார் இருக்காருல்ல" என்றார். பாமாயில் ஆலையில் முப்பது வருஷம், கொதிகலனில் எதைப் போட்டு எரிப்பது என்று கணக்குப் போட்டவன் நான். அப்பா செட்டியாரின் கடன் கொடுக்கும் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. வட்டியைத் தவிர வேறொன்றைக் கணக்குப் போட்டவன் எங்கள் வம்சத்தில் நான்தான்.

அய்யாவு எழுந்தார். சபாவின் பொருளாளர். சுடுகாட்டுக்கு விறகு அனுப்புபவரும் அவரே. தோட்டங்களில் வயதான ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தால் அவை அவர் கொட்டகைக்கு வரும். பிறகு நாங்கள் வருவோம்.

"கேஸ்ல மீனு பொரிக்கலாம். மனுசன எரிக்கலாமா? நாலாயிரம் வருசமா விறகுதான்."

"சந்தனக்கட்டன்னு சொல்லி ரப்பர் கட்டய குடுக்கறவரு நாலாயிரம் வருசத்தப் பத்திப் பேசறாரு" என்றார் வேலாயுதம்.

"தலைவரே, நீங்க போறப்ப சந்தனமே வைக்கிறேன். எப்ப வேணும்னு சொல்லுங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அய்யாவுவும் கைதூக்கினார். அறிக்கைதானே, அடுப்பில்லையே.

செப்டம்பர் 15

விசாலத்திடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கேஸ்னா, நம்ம அடுப்பு மாதிரி நீலமா எரியுமா?"

"அப்படித்தான். பெரிசா."

"புகை?"

"இருக்காது."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். அவள் இப்போது வாக்கியங்களைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறாள்.

"ஆலை வீட்டுல இருந்தப்ப பன்னெண்டு வருசம் அந்த ரப்பர் கட்டய ஊதி ஊதி ஆக்கிப்போட்டேன். விறகு என்னைப் பாதி எரிச்சிருச்சுங்க. மீதிய கேஸ்ல எரிங்க. அது மூஞ்சில திரும்ப முழிக்க மாட்டேன்."

சரி என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். இதற்கு முன் அவளிடம் வாக்குக் கொடுத்தது கல்யாணத்தன்று, சமஸ்கிருதத்தில். அப்போது என்ன கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. இது தமிழில், தப்பிக்க முடியாது.

செப்டம்பர் 20

சரவாக்கில் அவசரகாலம் அறிவித்துவிட்டார்கள். எதை எதிர்த்து என்றுதான் தெரியவில்லை. புகையைக் கைது செய்ய முடியாது.

கணக்கை முடித்தேன். கேள்வி எளிது: ஒரு கிலோ கரியமில வாயு மேலே போனால் கீழே நமக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது? குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்குப் பதினெட்டு மெகாஜூல். சிலிண்டரில் வருவதற்குப் பதினாறு. டீசலுக்குப் பதின்மூன்றரை. நிலக்கரிக்குப் பத்தரை. விறகுக்கு ஒன்பது, அதுவும் நன்றாகக் காய்ந்திருந்தால். கடைசி பெஞ்சில் உட்காரும் நிலக்கரிக்கும் பின்னால் ஒரு பெஞ்ச் போட்டு விறகு உட்கார்ந்திருக்கிறது.

விசாலம் ஏன் என்று கேட்டாள். எரிபொருளில் ஹைட்ரஜனும் கரியும் எரிகின்றன. ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர், கரி எரிந்தால் கரியமில வாயு. வெப்பம் இரண்டிலிருந்தும் வரும், பழி ஒன்றுக்குத்தான். எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம், ஆகவே நல்ல பெயர். விறகின் கதை வேறு. அதற்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் கலந்திருக்கிறது, அதாவது அது பாதி எரிந்து முடிந்த பொருள். மீதிதான் அடுப்புக்கு வருகிறது.

அவள் மூக்கிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆக்சிஜன் வச்சுக்கிட்டிருக்கிறது எல்லாம் பாதி எரிஞ்சதுதானா?"

விஞ்ஞானத்தை வீட்டில் பேசக்கூடாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோலாலம்பூரில் ஒரு சீனர் சங்கம் நடத்தும் எரிவாயு தகன நிலையத்தைப் பார்க்கப் போனேன், அறிக்கைக்காக. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மகள் உமையாள் காரில் அழைத்துப் போனாள். வங்கியில் வேலை பார்ப்பவள். வழியெல்லாம் ரிங்கிட்டின் மதிப்பு விழுவதைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே ஊரே தெரியவில்லை. விழுந்தால் எங்கே விழுகிறது என்று பார்க்கவும் வழியில்லை.

அங்கே பொறுப்பிலிருந்த கிழவருக்கு என் வயது. இரும்புக் கதவிலிருந்த சிறு கண்ணாடியைத் துடைத்து உள்ளே காட்டினார். வெறும் அடுப்பை எனக்காக ஒரு நிமிடம் எரியவிட்டார். நீலம். அவ்வளவு சுத்தமான நெருப்பை நான் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

"எல்லாரும் வரலாம், அங்கிள். இந்தியன், சீனன், ஒன்னும் பிரச்சினை இல்லலா" என்றார் மலாயில். "சீனப் பெருநாளுக்கு மட்டும் மூடுவோம். அப்ப யாரும் சாகக்கூடாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

திரும்பும்போது உமையாள், "அப்பா, இது அறிக்கைக்கா, அம்மாவுக்கா?" என்றாள்.

இரண்டுக்கும் என்றேன். அதற்குப் பிறகு ரிங்கிட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

அக்டோபர் 5

வேலாயுதம் வீட்டுக்கு வந்து அறிக்கையைப் படித்தார். விரல் வைத்து, நிறுத்தி, நன்றாகப் படித்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் விரல் நின்றது.

"இங்க பொடி எழுத்துல என்னா சார்?"

அடிக்குறிப்பு. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நட்டால், வளரும் மரம் அந்தக் கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் நாட்டின் எரிபொருள் கணக்கில் விறகின் வாயுவைச் சேர்ப்பதில்லை, பூஜ்யம் என்று வைப்பது சர்வதேச வழக்கம். ஆனால் நம் விறகு வரும் தோட்டங்களில் மரம் நடுவதில்லை, வீடுகள்தான் நடப்படுகின்றன. ஆகவே இந்த வழக்கம் நமக்குப் பொருந்தாது. இவ்வளவுதான்.

"அத எடுத்துருங்க சார்."

"அது உண்மை."

"உண்மைதான், யாரு இல்லன்னா? எடுத்துருங்க."

எடுக்க மாட்டேன் என்றேன். எதிர்க்கட்சிக்காரன் கேட்கக்கூடிய கேள்வியை நாமே கேட்டுப் பதிலும் சொல்லிவிடுவதுதான் முறை. ஆலையில் முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினேன். யாரும் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

"லோரிக்கு பிரேக் வேணும், சார். அதுக்காக எறங்கற பாதையில பிரேக்க பாத்துக்கிட்டே ஓட்டக்கூடாது." சமையலுக்கு வரும் அம்மா போட்டுத்தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

உள்ளே போனேன். எல்லாம் விசாலத்தின் காதில் விழுந்திருக்கிறது.

"நீங்க எடுக்க மாட்டீங்க" என்றாள். கேள்வியில்லை, குற்றச்சாட்டும் இல்லை. வானிலை அறிவிப்பு மாதிரி சொன்னாள்.

அக்டோபர் 7

அறிக்கை ஷா ஆலம் போய்விட்டது. அடிக்குறிப்போடு.

அக்டோபர் 30, தீபாவளி

ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு ஆகாது. விளக்கை வெளிவாசலில் ஏற்றினேன். இருமல் இன்று கொஞ்சம் குறைவு, ஆனால் இருமுவதற்கு வேண்டிய பலமும் குறைந்திருக்கிறது. இரண்டில் எதை நல்ல செய்தி என்று எழுதுவது?

நவம்பர் 12

மழை. எதிர்வீடு முழுதாக, நிரந்தரமாக வந்து சேர்ந்துவிட்டது. சுண்ணாம்பு அடிக்க வேண்டிய வீடு என்று இப்போதுதான் தெரிகிறது. பத்திரிகையில் புகை நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் இப்போது பணம் எரிகிறது.

நவம்பர் 26

ஷா ஆலத்துக்கு அழைத்தார்கள். வேலாயுதமும் நானும் போனோம். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். ஜப்பானில் மூன்று வாரம் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் சுவரில் இருந்தது. எங்களுக்குக் கோப்பி வந்தது.

"என்சிக் ராமா, உங்க அறிக்கை ரொம்ப நல்லா இருக்கு" என்றார், என்சிக் என்ற மலாய் மரியாதையோடு. "முக்கியமா இந்த அடிக்குறிப்பு. இத எங்க பயிற்சியில சொல்லிக்குடுத்தாங்க. இங்க இதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதையும் எழுதிவைக்க வேண்டும். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, கோப்பி பாதி குடிக்கும்வரை.

"விறகு பூஜ்யம். சரியா? கேஸ் பூஜ்யத்துக்கு மேல. இப்ப நீங்க பூஜ்யத்துல இருக்கீங்க. பூஜ்யத்துல இருந்து மேல ஏற அரசாங்கம் மானியம் குடுக்கணுமா?"

வேலாயுதம் என்னைப் பார்த்தார்.

அட்டவணையில் விறகுக்கு ஒன்பது, எரிவாயுவுக்குப் பதினாறு என்று போட்டிருக்கிறதே என்றேன். அது எரிபொருளின் குணம், இது கணக்கு முறை என்றார். அடிக்குறிப்பின் பின்பாதியைப் படித்தீர்களா என்றேன். படித்திருந்தார். தோட்டத்தில் வீடு கட்டுவது வேறு இலாகாவாம். அந்த இலாகாவின் கணக்கில் வீடு வரும், மரம் வராது.

சரி, புகை? கண்ணெதிரே வரும் புகை? சுடுகாட்டைச் சுற்றியும் குடும்பங்கள் இருக்கின்றன என்றேன்.

"புகைமூட்டம் முடிஞ்சிருச்சே" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கெட்டவர் இல்லை. லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். அவருடைய வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வண்டியில் வரும்போதெல்லாம் தேடினேன். ஓட்டை இல்லை. நானே அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கிள்ளான் பாலம் ஏறும்போதுதான் வேலாயுதம் வாயைத் திறந்தார். "நான் ஒன்னும் சொல்லல சார்."

நவம்பர் 27

அவளிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 30

சொல்லவில்லை. கோலாலம்பூரில் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. அந்தக் கிழவரிடம் தொலைபேசியில் பேசிப் பெயர் கொடுத்துவைத்தேன். தேதி கேட்டார். "தெரிஞ்சதும் சொல்றேன்" என்றேன்.

"கோலாலம்பூரா?" என்றாள் விசாலம். "ஃபெடரல் ஹைவே ஜாம்ல நான் மணிக்கணக்கா நிக்கணுமா?"

"நீ படுத்துக்கிட்டுத்தான் வருவே."

சிரிக்கப் பார்த்து இருமலில் முடிந்தது. பத்து நிமிடம். இனி வேடிக்கை பேசக்கூடாது. எங்கள் இருவருக்கும் வேறென்ன பேசத் தெரியும்?

டிசம்பர் 12

கியோட்டோவில் எல்லா நாட்டுக்காரர்களும் விடிய விடியப் பேசி உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்களாம். கரியமில வாயுவைக் குறைப்பார்கள். காட்டையும் மரத்தையும் எப்படிக் கணக்கு வைப்பது என்பதன் விவரங்களைப் பிறகு பேசுவார்கள். நான் வேண்டுமானால் ஓர் அடிக்குறிப்பு அனுப்பிவைக்கிறேன்.

1998 ஜனவரி 6

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேறியதால் இல்லை. சிலிண்டர் இப்போது இரண்டு. உமையாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள்.

ஜனவரி 19

இரவு முழுக்க உட்கார்ந்தபடியே இருந்தாள். படுத்தால் மூச்சு இல்லை. விடிந்ததும், "எதிர்வீட்டுல சுண்ணாம்பு அடிக்கிறாங்க" என்றாள். சன்னலைத் திறந்து வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 28

விசாலம் போய்விட்டாள். காலை, கோப்பிக்கு முன்.

பிப்ரவரி 1

எழுத வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று ஆகும்.

அன்று சீனப் பெருநாள்.

நான் கோலாலம்பூருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உமையாள் மறுபடி மறுபடி போட்டாள். கடைசியில் ஒரு பெண் எடுத்து, கிழவர் ஈப்போவில் பிள்ளை வீட்டில் இருக்கிறார், ஐந்தாம் நாள்தான் திறப்பார்கள் என்றாள். உமையாளுக்கு அவள் பெருநாள் வாழ்த்தும் சொன்னாள். வேறிடம் ஒன்று கேட்டோம், அதுவும் மூடியிருந்தது. மறுநாளும் விடுமுறை, அதற்கு மறுநாள் நோன்புப் பெருநாள். இந்த நாட்டில் எல்லாரும் சேர்ந்தே கொண்டாடுகிறோம்.

ஆஸ்பத்திரி குளிரறையில் வைத்திருக்கலாம் என்றாள் உமையாள். உறவுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளைய அனாதையா பெட்டியில போட்டு வைக்கிறதா? அதுவும் கேஸுக்காகவா?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒருத்தன் 'வைக்கலாம்'னு சொல்லியிருந்தா போதும். ஒரு வார்த்தை. வாயே வரல. அடிக்குறிப்பு எழுதத் தெரிஞ்ச கை, முப்பது வருஷம்— அந்த ஒரு வார்த்த வரல எனக்கு.

மாலையில் நம் சுடுகாடு. லோரிக்காரர்கள் விடுமுறையில் இருந்ததால் அய்யாவுவே மகனோடு வேன் ஓட்டி விறகு கொண்டுவந்தார். முதல்நாள் மழையில் கொட்டகை ஒழுகியிருக்கிறது. "காஞ்ச கட்டயா பாத்துத்தான் எடுத்தேன் சார்" என்றார். கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றேன்.

ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி நான்தான். பற்றவில்லை. நெய் ஊற்றினார்கள். பற்றவில்லை. வேலாயுதத்தின் ஆள் லோரித் தொட்டியிலிருந்து டீசல் கொண்டுவந்தான். அப்புறம் பற்றியது. புகை வெள்ளையாக எழுந்து, பிறகு கறுத்து, திரும்பி எங்கள் பக்கமே வந்தது. உமையாள் இருமினாள். ஒரு கணம், இருமியது யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஈர விறகுக்கு ஒன்பது கிடைக்காது. ஆறோ ஏழோ. நின்றுகொண்டே மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் செய்யக்கூடிய காரியமா? வேறெதைச் செய்வது?

சரியான கணக்கும் எனக்குத் தெரியும். விறகு பூஜ்யம். மனித உடம்பும் தின்ற சோற்றிலிருந்து வந்தது, அதுவும் பூஜ்யம். கொஞ்சம் டீசல் மட்டும் கணக்கில் வரும். அதைக் கழித்தால், புதன்கிழமை மாலை கிள்ளானிலிருந்து வானத்துக்கு எதுவும் போகவில்லை.

பிப்ரவரி 8

சிலிண்டர்காரன் வந்து இரண்டையும் எடுத்துப் போனான். ஒன்றில் பாதி இருந்ததாம்.

பிப்ரவரி 10

உமையாள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினாள். என்னையும் கூப்பிட்டாள். பிறகு வருகிறேன் என்றேன். போகுமுன் கேஸ் அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். எரிவாயுவின் வெப்பத்தைக் கடைசி தசமம்வரை அறிந்தவனுக்குக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வேலாயுதம் வந்தார். வெகுநேரம் லோரி டயர் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஷா ஆலத்தில் அந்த இளைஞர் மாற்றலாகிவிட்டார். வந்திருப்பவர் புதியவர், பயிற்சிக்கு இன்னும் போகவில்லை. சரவாக்கில் மறுபடியும் எங்கோ காடு எரிகிறதாம், மேலிடம் பயந்துபோயிருக்கிறது. மானியப் பட்டியல் மறுபடி திறந்திருக்கிறது.

"அய்யாவு அண்ணே கூட சரின்னுட்டாரு, சார். அன்னைக்கி அக்காவ பாத்ததுக்கு அப்புறம் அவரு விறகப் பத்திப் பேசறதே இல்ல." நிறுத்தினார். "பழய அறிக்கய அப்பிடியே குடுத்துறவா? உங்கள கேக்காம ஒன்னும் செய்ய மாட்டேன்."

வேண்டாம், திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் தேத்தண்ணிக் குவளையை எடுத்துக்கொண்டார். நானே போட்ட தேத்தண்ணி. முழுவதும் குடித்தார், நல்ல மனிதர்.

மார்ச் 23

எழுதி முடித்தேன். அதே அட்டவணை, அதே எண்கள். இயற்கை எரிவாயு பதினெட்டு, சிலிண்டர் பதினாறு, டீசல் பதின்மூன்றரை, நிலக்கரி பத்தரை, விறகு ஒன்பது. கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்.